மணலுக்கு அடியில் ஒரே தண்ணீர்

(கடலோரச் சிற்றூர்களின் கழிவுநீர் பற்றி, உள்ளாட்சிப் பொறியாளர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கழிவுநீரைப் பற்றிப் பேச வந்தவனுக்கு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்களின் துணிச்சலுக்கு முதலில் ஒரு கும்பிடு.

இன்று இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டும் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் பசிபிக் கரையோரம் இருப்பவை. ஒன்று லாஸ் ஓசோஸ், மற்றொன்று ஆர்காட்டா. இருபதாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர்கள். இரண்டு ஊர்களிடமும் அரசு, ‘உங்கள் கழிவுநீரை இனிமேல் இப்படி விடக் கூடாது’ என்றது. இரண்டுமே அரசு காட்டிய வழியை ஏற்க மறுத்தன. ஆர்காட்டா பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தன் சொந்த வழியைக் கட்டி முடித்து, வெளியூர்ப் பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஊரானது. லாஸ் ஓசோஸ் 33 ஆண்டுகள் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு, நடுவில் திவாலும் ஆகி, ஆரம்பத்தில் ஆகியிருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு செலவில் ஒரு நிலையத்தைக் கட்டியது.

நம்முடைய கடற்கரை ஆயிரம் கிலோமீட்டர் நீளம் கிடக்கும்போது கலிபோர்னியாவுக்கு எதற்குப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர்களில் இந்த மாதிரிச் சண்டைகள் டீக்கடையிலும் ஊர்க்கூட்டத்திலும் நடந்து, காற்றோடு போய்விடுகின்றன. யார் என்ன சொன்னார், எதனால் திட்டம் நின்றது என்று பத்து வருஷம் கழித்துத் தேடினால் ஒரு துண்டுக் காகிதம் கிடைக்காது. அந்த இரண்டு ஊர்களிலும் தீர்மானம், வாக்கு, செலவு எல்லாம் பதிவில் இருக்கிறது. ஒரு ஊர் தன் சாக்கடையைப் பற்றி எப்படி முடிவெடுக்கிறது என்பதை ஆரம்பம் முதல் கடைசிவரை பார்க்கக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை.

ஊர்க் கதைக்கு முன்னால் கொஞ்சம் மண்ணுக்கு அடியில் போய் வருவோம்.

கடலோர மணல்மேட்டில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது. கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் உப்புக் கரிப்பதில்லை. பெய்த மழை மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதே காரணம். இதற்குக் கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் படித்துப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து மேலே ஒரு மீட்டரைக் குறைத்துவிட்டால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரும். கடலோரத்தில் நிலத்தடி நீருக்குக் கையிருப்பு குறைவு. எடுத்ததற்கும் போட்டதற்கும் கணக்கு உடனுக்குடன் நேராக வேண்டும்.

இந்த மணலுக்குள்தான் நம் செப்டிக் டேங்க்கின் தண்ணீரும் இறங்குகிறது. பல வீடுகளில் அதுகூடக் கிடையாது. நாலு சிமென்ட் உறையை இறக்கி மூடிவிட்டு அதையே செப்டிக் டேங்க் என்று சொல்லிக்கொள்கிறோம். முறைப்படி கட்டிய டேங்க்கையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு டீ வடிகட்டி: சக்கையை நிறுத்தும், சாயத்தை நிறுத்தாது. அடியில் படிவது படியும், மேலே மிதப்பது மிதக்கும். கரைந்திருப்பது அப்படியே வெளியே போய்விடும். கரைந்திருப்பவற்றில் எனக்குப் பெரிய கவலை நைட்ரஜன். சிறுநீரில் வருவது. மணலில் காற்றோட்டம் இருப்பதால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கெல்லாம் கூடவே போகும். நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீரில் அது மிகுந்தால் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழந்து குழந்தை நீலம் பாரிக்கும். அதனால்தான் இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்ற வரம்பை வைத்திருக்கிறது. அமெரிக்கர்கள் அதையே நைட்ரஜன் கணக்கில் 10 மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள்.

மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு முரட்டுக் கணக்கு போடுவோம். ஒரு மனிதர் நாளொன்றுக்கு வெளியேற்றும் நைட்ரஜன் சுமார் பத்து கிராம். நாலு பேர் வீட்டுக்கு 40 கிராம். அதை லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு நீர்த்துப்போகச் செய்ய நாளொன்றுக்கு 4,000 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,460 கன மீட்டர். நம் கடற்கரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை என்று தாராளமாக வைத்து, அதில் கால் பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது என்று கொண்டால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலத்து மழை தேவைப்படுகிறது. டேங்க்கிலும் மண்ணிலும் கொஞ்சம் நைட்ரஜன் காற்றாகப் பிரிந்து போகும் என்பீர்கள். பாதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அறுபது சென்ட் வேண்டும். நம் மீனவர் குடியிருப்புகளில் ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று சென்ட்தான் இருக்கிறது.

இனி லாஸ் ஓசோஸ் போகலாம்.

சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்தில், மோரோ விரிகுடாவின் தென்கரையில், பழைய மணல்மேடுகளின் மேல் இருக்கும் ஊர். சுமார் 14,000 பேர். நகராட்சி கிடையாது, மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருகிறது. மனைகளைச் சின்னச் சின்னதாகப் பிரித்து விற்றிருந்தார்கள். மலிவான கடற்கரை வீடு என்று ஓய்வுபெற்றவர்களும் ஆசிரியர்களும் தச்சர்களும் வந்து குடியேறினார்கள். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். மொத்த ஊருக்கும் குடிநீர் அதே மணலுக்குள்ளிருந்துதான். ஆற்று நீரோ கால்வாய் நீரோ கிடையாது.

நான் இப்போது போட்ட கணக்கு அங்கே கிணறுகளில் தெரிய ஆரம்பித்தது. மேல்மட்ட நீர்த்தாங்கியில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியது. 1983இல் அந்த வட்டார நீர்த்தர வாரியம் ஒரு தீர்மானம் போட்டது: ஊரின் பெரும்பகுதியில் இனிமேல் செப்டிக் டேங்க் நீரை மண்ணுக்குள் விடக் கூடாது. 1988இல் தடை நடைமுறைக்கு வந்தது. இருக்கும் வீடுகள் சட்டத்தை மீறியவையாயின. புதிதாக வீடு கட்ட அனுமதி நின்றது. மனை வாங்கிப் போட்டவர்கள் வாங்கியதோடு சரி.

மாவட்ட நிர்வாகம் குழாய் பதித்து நிலையம் கட்டும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. செலவைப் பார்த்து ஊர் மிரண்டது. இதைவிட மலிவாகவும் இயற்கையோடு ஒட்டியும் நாங்களே குளங்கள் அமைத்துச் செய்கிறோம் என்று ஒரு குழு எழுந்தது. 1998இல் மக்கள் வாக்களித்துத் தங்களுக்கென்று ஒரு சேவை மாவட்ட அமைப்பை உருவாக்கி, பொறுப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர் மொழியில் சொன்னால், ‘எங்கள் சாக்கடையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று தனி ஊராட்சி வாங்கினார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதற்குத்தான் வாக்களித்திருப்பேன்.

ஆனால் மலிவான குளம் என்பது ஒரு வாக்குறுதியாகவே வந்தது. அளந்து பார்த்த திட்டமாக வரவில்லை. வாரியத்தின் நைட்ரஜன் நிபந்தனைக்கு முன் அது நிற்கவில்லை. புதிய அமைப்பே கடைசியில் குளத்தைக் கைவிட்டு, வழக்கமான நிலையம் ஒன்றை ஊருக்கு நடுவில், தேவாலயத்துக்கும் நூலகத்துக்கும் பக்கத்தில், விரிகுடா தெரியும் இடத்தில் கட்டப் போவதாக அறிவித்தது. ஊர் நடுவிலா என்று கேட்டவர்களுக்கு, மேலே பூங்கா அமைப்போம் என்று பதில் வந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. புவியீர்ப்பில் ஓடும் பெருங்குழாயா, வீட்டுக்கு வீடு டேங்க்கை வைத்துக்கொண்டு தெளிந்த நீரை மட்டும் அனுப்பும் சிறுகுழாயா என்று ஒரு சண்டை. ஊருக்குள்ளா வெளியேயா என்று ஒரு சண்டை. அந்த மணல்மேடுகளில் மட்டும் வாழும் ஒரு நத்தை 1994இல் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் ஏறியிருந்தது. அதனால் தோண்டுவதற்கு முன் நத்தையைத் தேடி எடுத்து வேறிடத்தில் விட வேண்டும். சூமாஷ் பழங்குடிகளின் பண்டைய குடியிருப்புத் தடங்கள் வேறு மண்ணுக்குள் கிடந்தன. இரு தரப்பும் சுற்றுச்சூழலின் பெயரால்தான் பேசின என்பது வேடிக்கை. எதிர்த்தவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்க முடியாது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரால் மாதக் கட்டணத்தைக் கட்ட முடியுமா என்ற கேள்வி கடைசிவரை நியாயமான கேள்வியாகவே இருந்தது.

2005 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. மாநில அரசிடமிருந்து 13 கோடி டாலருக்கு மேல் கடன் உறுதியாகியிருந்தது. செப்டம்பர் மாதம் நடந்த திரும்ப அழைக்கும் தேர்தலில், மிகக் குறுகிய வாக்கு வித்தியாசத்தில், நிலையத்தை ஆதரித்த அமைப்பு உறுப்பினர்கள் மூவரும் பதவியிழந்தார்கள். வந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். மாநிலம் கடனை நிறுத்தியது. ஒப்பந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வாரியம் 66 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2006இல் அந்த அமைப்பு திவால் மனு கொடுத்தது.

அந்த ஆண்டு நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. வாரியம், ஊரில் இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் 45 வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, செப்டிக் டேங்க் பயன்பாட்டை நிறுத்தும்படி தனித்தனியாக உத்தரவு அனுப்பியது. பக்கத்து வீட்டுக்காரர் செய்வதையேதான் இவரும் செய்கிறார். சீட்டு இவர் பெயருக்கு விழுந்தது, அவ்வளவுதான். இணைக்கக் குழாய் இல்லாத ஊரில் ஒரு குடும்பம் கழிப்பறையை எப்படி நிறுத்தும்? ஒழுங்குமுறை அமைப்பு பொறுமை இழந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் மக்களோடு பேச வேண்டிய இடத்தில் பயம் காட்டினால் என்ன ஆகும் என்பதை உள்ளாட்சி அதிகாரிகளுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. வாரியத்தை அதுவரை ஆதரித்தவர்கள்கூட அன்றைக்குக் கசந்து போனார்கள்.

மீதிக் கதை வேகமாக ஓடிவிடும். 2006இல் மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பொறுப்பை மீண்டும் மாவட்டத்திடம் கொடுத்தது. 2007இல் வீட்டு உரிமையாளர்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 25,000 டாலர் வரி விதிப்பைத் தங்கள் தலைமேல் தாங்களே ஏற்று வாக்களித்தார்கள். 2010இல் கடலோர ஆணையம் அனுமதி தந்தது. 2012இல் வேலை தொடங்கி, 2016இல் ஊருக்கு வெளியே நிலையம் இயங்கத் தொடங்கியது. மொத்தச் செலவு சுமார் 18 கோடி டாலர். சுமார் 5,000 வீடுகளுக்கு இது. வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அரசியலோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு அடியில் ஓடிய தண்ணீர். மேல்மட்ட நீர்த்தாங்கி நைட்ரேட்டால் கெட்டதும் குடிநீர் வழங்குபவர்கள் என்ன செய்தார்கள்? ஆழ்குழாயை இன்னும் கீழே இறக்கி, கீழ்மட்ட நீரை இறைத்தார்கள். அங்கே நைட்ரேட் இல்லை. ஆனால் இறைக்க இறைக்கக் கடல் உள்ளே வந்தது. ஆக, செப்டிக் டேங்க் கெடுத்தது மேல் தண்ணீரை மட்டும் இல்லை. சுற்றி வளைத்து, கீழ்த் தண்ணீருக்குள் உப்பையும் கூட்டி வந்தது.

இப்போது பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஊர் முழுக்கக் குழாய் பதித்து, எல்லாக் கழிவுநீரையும் எடுத்துச் சுத்தம் செய்து கடலில் விட்டால் நைட்ரேட் பிரச்சினை தீரும். ஆனால் அதுவரை செப்டிக் டேங்க்குகள் வழியாக மண்ணுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நீரும் நின்றுபோகும். அழுக்கு நீர்தான், ஆனாலும் நீர். அதை எடுத்துவிட்டால் உப்பு இன்னும் வேகமாக வரும். அதனால் லாஸ் ஓசோஸ் நிலையத்தில் நைட்ரஜனை நீக்கி, வடிகட்டி, கிருமி நீக்கிய நீரில் ஒரு பகுதியை ஊரின் மேட்டுப் பகுதியில் உள்ள ப்ராடர்சன் என்ற இடத்தில் மண்ணுக்குள்ளேயே திரும்ப இறக்குகிறார்கள். மீதி பாசனத்துக்கும் புல்வெளிகளுக்கும் போகிறது; அந்த அளவுக்குக் கிணற்று நீர் மிச்சம். நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்குச் சுமார் 45 லட்சம் லிட்டர். சுத்தம் செய்யும் இயந்திரத்தைவிட, சுத்தமான நீர் எங்கே போகிறது என்பதே அந்தத் திட்டத்தின் உயிர். சண்டை நடந்த காலத்தில் பாதி நேரம் எந்தக் குழாய், எந்த இடம் என்பதிலேயே போனது. தண்ணீர்க் கணக்கை முதலில் மேசைமேல் வைத்திருந்தால் சண்டை வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு விதமான சண்டையாக இருந்திருக்கும்.

ஆர்காட்டா வடக்கே, ஹம்போல்ட் விரிகுடாவின் வடகரையில் இருக்கிறது. மரம் அறுக்கும் தொழிலும் ஒரு பல்கலைக்கழகமும் உள்ள ஊர். கலிபோர்னியாவில் விளையும் ஆளிச் சிப்பியில் பாதிக்கு மேல் அந்த விரிகுடாவில்தான் விளைகிறது. ஆளியும் மட்டியும் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. கழிவுநீரில் வரும் கிருமியைத் தங்களுக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும். எனவே சாக்கடை அங்கே வாழ்வாதாரப் பிரச்சினை.

1970களில் மாநிலம் ஒரு கொள்கை வகுத்தது. மூடிய விரிகுடாக்களில் கழிவுநீர் விடக் கூடாது. விட்டே ஆக வேண்டும் என்றால், அதனால் விரிகுடாவுக்கு நன்மை விளைகிறது என்று நிரூபிக்க வேண்டும். இதை யாராலும் நிரூபிக்க முடியாது என்றே எல்லோரும் எண்ணினார்கள். அதனால் சுற்றியுள்ள ஊர்களையெல்லாம் சேர்த்து ஒரே பெரிய கூட்டு நிலையம் கட்டி, விரிகுடாவைக் கடந்து குழாய் கொண்டுபோய்ப் பசிபிக் கடலில் விடுவது என்று திட்டம் போட்டார்கள். மதிப்பீடு ஏறி ஏறி 5 கோடி டாலரைத் தாண்டியது. நிலநடுக்கம் வரும் பகுதியில், சேற்றுக்கு அடியில் நீண்ட அழுத்தக் குழாய்.

ஆர்காட்டா அதை மறுத்தது. மறுத்த கையோடு ஒரு குழுவையும் அமைத்தது. அதில் இரண்டு பேராசிரியர்கள் முக்கியமானவர்கள். ஜார்ஜ் ஆலன் மீன்வளம் படித்தவர்; நகரத்தின் ஆக்ஸிஜனேற்றக் குளத்து நீரையும் விரிகுடாவின் உப்பு நீரையும் கலந்து அதில் சால்மன் குஞ்சுகளை ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்தவர். ராபர்ட் கியர்ஹார்ட் சுற்றுச்சூழல் பொறியாளர். ‘சாக்கடையில் மீன் வளர்க்கிறாராம்’ என்று ஊர் அவர்களைப் பற்றி என்ன பேசியிருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சுக்கு நாடு மொழி பேதம் கிடையாது.

அவர்கள் சொன்ன யோசனை எளிமையானது. குளத்திலிருந்து வரும் நீரைச் சதுப்பு நிலத்தில் மெதுவாக நடத்திச் செல்வது. சம்பும் கோரையும் அடர்ந்த நீரில் வெயில் புகாது. குளத்தில் பச்சையாகப் பெருகிய பாசி நிழலில் செத்துப் படியும். நீருக்குள் மூழ்கியிருக்கும் தண்டுகளின் மேல் பாக்டீரியாக்கள் படலமாகப் படர்ந்து, கரைந்திருக்கும் அழுக்கைத் தின்னும். செடி தானே அழுக்கை உறிஞ்சிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். செடி அதில் கொஞ்சம்தான் எடுக்கும். அதன் பெரிய உதவி, பாக்டீரியாவுக்கு வீடு கொடுப்பதும் நீரின் வேகத்தைக் குறைப்பதும்.

யோசனை எளிது என்பதால் மாநிலம் ஒப்புக்கொண்டுவிடவில்லை. 1979 முதல் 1982 வரை சோதனைப் பாத்திகள் வெட்டி, வெவ்வேறு ஆழம், வெவ்வேறு வேகம், வெவ்வேறு செடி என்று வைத்து, உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் அளந்துகொண்டே இருந்தார்கள். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாநில அதிகாரிகளின் முன் போய் நின்றார்கள். அனுமதி கிடைத்தது. 1986இல் முழுத் திட்டமும் ஓடத் தொடங்கியது. கூட்டுத் திட்டத்தில் ஊர் கொடுத்திருக்க வேண்டிய பங்கைவிடக் குறைந்த செலவில் முடிந்தது. அடுத்த ஆண்டே ஃபோர்டு அறக்கட்டளையின் அரசுப் புத்தாக்க விருது வந்தது.

இடம் எது தெரியுமா? ஊரின் பழைய குப்பைமேடும், மரத்தடிகளை ஊறப்போட்டிருந்த கைவிடப்பட்ட குட்டைகளும். இன்று அது 300 ஏக்கருக்கு மேல் பரந்த பறவைகள் சரணாலயம். 300க்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. சதுப்புகளுக்கு ஆலன், கியர்ஹார்ட், அன்றைய நகரமன்றத்தில் இருந்த ஹாசர் ஆகியோரின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். நம்மூரில் சாக்கடைக்கு ஒரு தலைவர் பெயர் வைத்தால் மறுநாள் பஸ் ஓடாது. விரிகுடாவுக்கு நன்மை என்று எதை நிரூபிக்க முடியாது என்றார்களோ, அதற்குச் சாட்சியாகப் பறவைகளும் காலை நடைக்கு வரும் மக்களும் இருந்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு நான் உங்களை அப்படியே சதுப்பு வெட்ட அனுப்பிவிட்டால் அது அயோக்கியத்தனம். மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆர்காட்டாவில் ஏற்கெனவே குழாய் வலை இருந்தது. கழிவுநீர் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அங்கே குடிநீர் வேறு ஆற்றிலிருந்து வருகிறது. சதுப்புக்கு அடியில் ஊர்க் கிணறு இல்லை. மூன்றாவது, இப்போது அந்த ஊருக்கே தலைவலியாகியிருப்பது: அந்த நிலையம் விரிகுடாவின் ஓரத்தில், மண்கரைகளை நம்பி, கடல்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. கடல் ஏறுகிறது, நிலமும் அங்கே அமிழ்ந்துகொண்டிருப்பதால் அமெரிக்க மேற்குக் கரையிலேயே அங்கேதான் ஏற்றம் வேகம். மலிவான தாழ்நிலம் என்பதால் கிடைத்த இடம், அதே தாழ்வினால் ஆபத்தில் இருக்கிறது. 1980களில் யாரும் போடாத கணக்கு அது. இன்று கரையோரத்தில் நிலையம் கட்டும் எவரும் அதைப் போடாமல் இருக்க முடியாது.

இந்த வெற்றிக் கதையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆர்காட்டாவின் வெற்றியைக் கேட்டுத்தான் லாஸ் ஓசோஸ் போன்ற ஊர்களில் ‘குளம் வெட்டினால் போதும்’ என்ற நம்பிக்கைக்குச் செல்வாக்கு வந்தது என்று தோன்றுகிறது. ஆர்காட்டாவிலிருந்து குளத்தை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாண்டு அளவெடுப்பை விட்டுவிட்டார்கள்.

நம் பக்கம் சுருக்கமாக. யாழ்ப்பாணக் குடாநாட்டை நினைத்துப் பாருங்கள். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய மழைநீர்தான் கிணறு. வெங்காயத் தோட்டத்து உரமும் வீட்டு மலக்குழியும் அந்தப் பாறை வெடிப்புகள் வழியே அதே நீரில் சேர்கின்றன. நைட்ரேட் மிகுதி அங்கே பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் எழுதிவருவது. லாஸ் ஓசோஸின் கதைக்கு இதைவிட நெருங்கிய உறவு எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ்நாட்டுக் கரையில் நிலைமை கொஞ்சம் வேறு. பல இடங்களில் காவிரி, கொள்ளிடத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறது. அதைக் குடித்து, செப்டிக் டேங்க் வழியாக மணலுக்குள் விடுகிறோம். இதில் ஒரு மாயம் இருக்கிறது. வெளியூர்த் தண்ணீர் மண்ணுக்குள் சேர்வதால் கிணற்றில் உப்பு குறைந்து, ‘எங்கள் கிணறு நன்றாகிவிட்டது’ என்று மக்கள் சொல்வார்கள். நாக்குக்கு நன்றாகத்தான் இருக்கும்; நைட்ரேட் நாக்குக்குத் தெரியாது. குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் அந்தக் கிணற்றைத்தான் குடிப்பார்கள். சோதிக்காமல் அதை விடாதீர்கள்.

குழாய் வலை எல்லாச் சிற்றூருக்கும் கட்டுப்படியாகாது. கட்டுப்படியாகும் என்று யாராவது திட்ட அறிக்கை கொண்டுவந்தால் மின்கட்டணப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள். தட்டையான கரையில் கழிவுநீர் தானாக ஓடாது, அடிக்கு அடி பம்பு வேண்டும். அதற்கிடையில் டேங்க்கைத் தண்ணீர் ஒழுகாமல் கட்டுவதும், மூன்றாண்டுக்கு ஒருமுறை லாரியில் எடுப்பதும், எடுத்த லாரி எங்கே கொட்டுகிறது என்று பார்ப்பதும் இன்றைக்கே செய்யக்கூடியவை. மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017இல் தொடங்கிய மலக்கசடு நிலையம், ஒரு பேரூராட்சியால் இது முடியும் என்று காட்டியிருக்கிறது. கசட்டைப் படுகைகளில் உலர்த்துகிறார்கள். நம் வெயிலுக்கு அது பொருத்தம். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் டேங்க்குக்குள் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை இந்த அவையில் நான் சொல்லத் தேவையில்லாமல் இருக்க வேண்டும். ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கசடு போனாலும் கரைந்த நைட்ரேட் மணலில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வீடுகள் நெருக்கமான தெருக்களிலாவது நீரைச் சேர்த்து எடுத்துச் சுத்தம் செய்து, ஊருக்கு மேட்டுப் பக்கம் மண்ணுக்கே திருப்பித் தர வேண்டும். எந்தத் தெரு, எந்த மேடு என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. உங்கள் கிணறுகளுக்குத் தெரியும். திட்ட அறிக்கைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஊரில் ஒரு இருபது கிணறுகளைப் பொறுக்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம், நைட்ரேட், குளோரைடு மூன்றையும் அளந்து, வரைபடத்தில் குறித்து, அந்தப் படத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லோருக்கும் தெரிய மாட்டுங்கள். மாணவர்கள் செய்யலாம், பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அதைப் பார்த்துவிட்டு ஊர் சண்டை போடட்டும்.

பின்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கொசுவைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். முதல் கேள்வியை அவரே கேட்கட்டும்.